தாய்-சேய் வைரஸ் பாதுகாப்பு கிட்: எது உதவுச்சு, எதை தூக்கி போட்டேன்

கர்ப்பமா இருக்கறவங்களுக்கும் பால் கொடுக்கற அம்மாக்களுக்கும்னே "வைரஸ் பாதுகாப்பு கிட்"னு ஒரு பெட்டி ஆன்லைன்ல விக்குது. அதே பெட்டி கலர் மட்டும் மாறி நாலஞ்சு பேர்ல வருது, உள்ள இருக்கற சாமான் கிட்டத்தட்ட ஒண்ணுதான், அதனால பிராண்ட் பேரை விட்டுட்டு சாமானை பத்தி மட்டும் எழுதறேன். எனக்கு ஏழாவது மாசத்துல அக்கா வாங்கி அனுப்பினா. பிரசவத்துக்கு முன்னாடியும் யூஸ் பண்ணேன், பாப்பா பொறந்து பால் கொடுக்கற காலத்துலயும் யூஸ் பண்ணேன், நடுவுல எனக்கே ஃப்ளூ வந்து படுத்துட்டதால பெட்டியில இருந்த ஒவ்வொண்ணும் எதுக்கு ஆகும் எதுக்கு ஆகாதுன்னு நல்லாவே தெரிஞ்சு போச்சு. 5-க்கு 2 ஸ்டார். அந்த 2 ஸ்டாருக்கு காரணமான சாமான்லாம் நெஜமாவே நல்லா இருக்கு, ஆனா உள்ள இருக்கற ரெண்டு விஷயம் குழந்தைக்கே ஆபத்து, அதை சொல்லியே ஆகணும்.

முதல்ல மாஸ்க். ரெண்டு வகை வெச்சிருக்காங்க, சாதா சர்ஜிகல் மாஸ்க் ஒரு கட்டு, என்95 கொஞ்சம். என்95 தரமா இருந்துச்சு, காதுல மாட்டற டைப் இல்ல, தலைக்கு பின்னாடி ரெண்டு ஸ்ட்ராப் போற டைப், ஒண்ணு காதுக்கு மேல உச்சந்தலைக்கு பின்னாடி, இன்னொண்ணு காதுக்கு கீழ பிடரியில. மூக்கு கம்பியை ஒரு கையால கிள்ளி விடாம ரெண்டு கை விரலாலயும் மூக்கு தண்டுல இருந்து கன்னம் வரைக்கும் அழுத்திக்கிட்டே வரணும், அப்புறம் ரெண்டு உள்ளங்கையும் மாஸ்க் மேல வெச்சு பலமா ஊதி பாக்கணும், கண்ணுக்கு கீழ காத்து அடிச்சா கம்பி சரியா உக்காரலன்னு அர்த்தம். கண்ணாடி போடறவங்களுக்கு இன்னும் ஈஸி, கண்ணாடியில ஆவி படியுதான்னு பாத்தாலே போதும். இப்படி போட்டாதான் என்95-ங்கற பேர்லயே இருக்கற அந்த 95 சதவீத வடிகட்டல் எல்லாம், லூசா தொங்கவிட்டா அந்த நம்பருக்கே அர்த்தமில்ல. ஒண்ணு மட்டும் கவனிங்க, பாக்கெட்ல சில மாஸ்க்ல முன்னாடி வட்டமா ஒரு வால்வ் இருந்துச்சு. அது போடறவங்களுக்கு மூச்சு விட சுகமா இருக்கும், உள்ள வர்ற காத்தையும் வடிகட்டும், ஆனா நாம வெளிய விடற மூச்சு வடிகட்டாம அப்படியே போயிடும். கூட்டமான வெய்ட்டிங் ஹால்ல நம்மள காப்பாத்திக்க ஓகே, நமக்கே சளி காய்ச்சல் இருக்கும்போது குழந்தை பக்கத்துல போட அது உதவாது. தாய்-சேய் கிட்னு சொல்லி விக்கறவங்க வால்வ் இல்லாததை மட்டும்தான் வெச்சிருக்கணும்.

கர்ப்ப காலத்துல இதெல்லாம் இவ்ளோ தேவையான்னு கேக்கறவங்களுக்கு ஒரு விஷயம். வயிறு பெருசாக பெருசாக நெஞ்சுக்கும் வயித்துக்கும் நடுவுல இருக்கற உதரவிதான தசை மேல தள்ளப்படுது, நுரையீரல் விரிய இடம் குறையுது, அதே நேரம் உடம்புக்கு ஆக்ஸிஜன் தேவை ஏறுது, இதயம் அதிகமா வேலை செய்யுது, எதிர்ப்பு சக்தி வேலை செய்யற விதமும் மாறுது. அதனால மத்தவங்களுக்கு மூணு நாள் படுத்து எந்திரிக்கற ஃப்ளூ கர்ப்பிணிக்கு நிமோனியா வரைக்கும் போகலாம். 2009-ல எச்1என்1, அதாவது பன்றிக்காய்ச்சல் பரவினப்போ அமெரிக்காவுல மொத்த ஜனத்தொகையில கர்ப்பிணிங்க 1 சதவீதம்தான், ஆனா இறந்தவங்கள்ல அவங்க பங்கு 5 சதவீதம் கிட்ட இருந்துச்சு. பயமுறுத்த சொல்லல, மாஸ்க்கை யாராவது ஓவர்னு சொன்னா காதுல வாங்காம போட்டுக்கோங்கன்னு சொல்றேன்.

ஹேண்ட் ரப் பாட்டில் நல்லா இருந்துச்சு. லேபிள்ல எத்தனால் 70 சதவீதம்னு தெளிவா போட்டிருக்கு, எக்ஸ்பைரி தேதி இருக்கு, வாசனை கண்டபடி இல்ல, மசக்கை நேரத்துலகூட தாங்கலாம். வாங்கும்போது ஆல்கஹால் 60 சதவீதத்துக்கு குறைவா இருந்தா வாங்காதீங்க, எவ்ளோன்னே போடலன்னாலும் வேண்டாம். கையில ஊத்தி சும்மா ரெண்டு தேய் தேய்ச்சா பத்தாது, கட்டைவிரல், விரல் நுனி, விரல் இடுக்கு எல்லாம் நனையற அளவுக்கு எடுத்து 20 முதல் 30 செகண்ட் தேய்ச்சு தானா காயணும். ஆனா இதோட பாட்டில்ல "சோப்புக்கு மாற்று"னு எழுதியிருக்காங்க பாருங்க, அது தப்பு. வாந்தி பேதி உண்டாக்கற நோரோவைரஸ் மாதிரி சிலது ஆல்கஹாலுக்கு சரியா மசியாது, அழுக்கு கையில போட்டாலும் வேலை செய்யாது. டயப்பர் மாத்தினதுக்கு அப்புறம், டாய்லெட் போனதுக்கு அப்புறம், பால் எடுக்கறதுக்கு முன்னாடி சோப்பும் தண்ணியும்தான். வெளிய இருக்கும்போது, குழாய் கிட்ட இல்லாதப்போ ஹேண்ட் ரப்.

வீட்டுல ஏற்கனவே ஒரு சின்ன குழந்தை இருந்து ரெண்டாவது தடவை உண்டாகியிருக்கறவங்க இந்த சோப்பு விஷயத்தை இன்னும் கவனமா படிங்க, ஏன்னா சைட்டோமெகலோவைரஸ்னு ஒண்ணு இருக்கு, நெறைய பேர் பேரையே கேள்விப்பட்டிருக்க மாட்டாங்க. பெரியவங்களுக்கு வந்தா பல சமயம் ஒண்ணுமே தெரியாது, லேசான காய்ச்சல், அசதி, அவ்ளோதான். கர்ப்பத்துல முதல் தடவையா வந்து வயித்துல இருக்கற குழந்தைக்கு தொத்திக்கிட்டா காது கேக்காம போறது வரைக்கும் பிரச்சினை வரலாம். அது அதிகமா வர்றது நர்சரி போற வயசு குழந்தைங்களோட எச்சில்லயும் மூத்திரத்துலயும்தான். எனக்கு மூத்தவன் நர்சரி போறான், அவன் கடிச்சு மிச்சம் வெச்சதை வாயில போட்டுக்கறது, அவன் ஸ்பூன்லயே ருசி பாக்கறது, கீழ விழுந்த நிப்பிளை நம்ம வாயில வெச்சு சுத்தம் பண்றது, எல்லாம் அம்மாக்களுக்கு கை தானா செய்யற வேலை. அதை நிறுத்தினேன். வாயில முத்தம் கொடுக்காம நெத்தியில உச்சியில கொடுத்தேன். அவன் டயப்பர், மூக்கு துடைச்ச துணி தொட்டா உடனே சோப்பு. கிட்டோட வந்த சீட்டுல இதை பத்தி ஒரு வரிகூட இல்ல.

தெர்மாமீட்டர்தான் இந்த பெட்டியில எனக்கு ரொம்ப புடிச்ச சாமான். நுனி வளையற டைப், குழந்தைக்கு குத்தாது, அக்குள்ல வெச்சா சீக்கிரம் பீப் அடிக்குது, இருட்டுல நம்பர் தெரியற மாதிரி லைட் வருது. கர்ப்பத்துல காய்ச்சலை "பாத்துக்கலாம்"னு விடக்கூடாது, 38 டிகிரி, அதாவது 100.4 ஃபாரன்ஹீட் தொட்டாலே டாக்டருக்கு போன் போடுங்க. காய்ச்சல் குறைக்க பொதுவா பாராசிட்டமால்தான் சொல்லுவாங்க, அதையும் டாக்டர் சொன்ன அளவுல போடுங்க, இப்யூபுரூஃபன் மாதிரி வலி மாத்திரைய நீங்களா எடுத்து போடாதீங்க, முக்கியமா 20 வாரத்துக்கு அப்புறம் அது குழந்தையோட கிட்னியை பாதிச்சு பனிக்குட நீர் குறையலாம். அப்புறம் 3 மாசத்துக்கு கீழ இருக்கற குழந்தைக்கு 38 டிகிரி வந்தா காலையில பாக்கலாம்னு காத்திருக்காம அந்த நேரமே ஆஸ்பத்திரி, ராத்திரி ரெண்டு மணின்னாலும்.

விரல்ல மாட்டி ரத்தத்துல ஆக்ஸிஜன் எத்தனை சதவீதம்னு பாக்கற ஆக்ஸிமீட்டர் சுமார். வேலை செய்யுது, ஆனா சில்லுனு இருக்கற விரல்ல தப்பா காட்டுது, நெயில் பாலிஷ் இருந்தா இன்னும் மோசம், இது எல்லா ஆக்ஸிமீட்டருக்கும் பொருந்தும். கர்ப்பிணிக்கு 95-க்கு கீழ இறங்கினா டாக்டரை கூப்பிடணும். இதுல நம்ம ஆளுங்க தெரிஞ்சுக்க வேண்டியது என்னன்னா, தோல் கருப்பா இருக்கறவங்களுக்கு இந்த கருவி நெஜத்தை விட கொஞ்சம் கூட்டி காட்டலாம், 2021-லயே அமெரிக்க மருந்து கட்டுப்பாட்டு அமைப்பு இதை சொல்லி எச்சரிச்சிருக்கு. அதனால நம்பர் 96 காட்டுதேன்னு ஒக்காந்திருக்காதீங்க, மூச்சு வாங்குதுன்னா, நெஞ்சு அழுத்துதுன்னா, குழந்தை அசைவு குறைஞ்ச மாதிரி இருந்துச்சுன்னா கெளம்பிடுங்க.

யூவி ஸ்டெரிலைசர் பெட்டி, அதாவது புற ஊதா வெளிச்சத்தால கிருமியை கொல்ற பெட்டி. கிட்டோட விலை ஏறறதுக்கு காரணமே இதுதான்னு நெனைக்கறேன், பாக்க அழகா இருக்கு, ஆனா பிரெஸ்ட் பம்ப் பாகங்களை சுத்தம் பண்ண நான் அதை நம்பல. யூவி வெளிச்சம் நேரா படற இடத்துல மட்டும்தான் வேலை செய்யும், நெழல் விழற இடத்துல செய்யாது. பிரெஸ்ட் பம்ப்ல அந்த சின்ன சிலிகான் வால்வ் இருக்கு இல்லையா, மடிப்பு மடிப்பா, அதுக்குள்ள வெளிச்சம் எப்படி போகும். கழுவாம வெச்சா பால் கொழுப்பு ஒரு படலமா ஒட்டியிருக்கும், அதுக்கு அடியில இருக்கறதும் தப்பிச்சிடும். அதை விட மோசம், என் பெட்டியில மூடியை பாதி திறந்தா லைட் உடனே அணையல. அந்த வெளிச்சம் கண்ணுக்கும் தோலுக்கும் கெடுதல், மூத்தவன் ஓடி வந்து எட்டி பாக்கற வீட்டுல அதை வெச்சுக்க முடியாது. அதை ஒதுக்கி வெச்சிட்டு பழைய வழிக்கே போனேன், பம்ப் பாகங்களை கழட்டி, பால் படற எல்லாத்தையும் சிங்க்ல போடாம அதுக்குன்னே வெச்ச ஒரு பேசின்ல சோப்பு போட்டு பிரஷ்ல தேய்ச்சு, கொதிக்கற தண்ணியில 5 நிமிஷம். குழந்தைக்கு 2 மாசம் ஆகற வரைக்கும், குறைமாசத்துல பொறந்த குழந்தைன்னா இன்னும் கொஞ்ச நாளைக்கு, தினம் ஒரு தடவை இப்படி கொதிக்க வெச்சா போதும். எடுத்த பால் அறை வெப்பத்துல 4 மணி நேரம், ஃப்ரிட்ஜ்ல 4 நாள்.

கழுத்துல மாட்டற "வைரஸ் தடுப்பு பேட்ஜ்"னு ஒண்ணு இருக்கு, நம்ம ஆபீஸ் ஐடி கார்டு சைஸ்ல. உள்ள குளோரின் டை ஆக்ஸைடு விடற பொடி. நம்மள சுத்தி ஒரு வளையம் மாதிரி வைரஸை கொல்லும்னு எழுதியிருக்காங்க. கொல்லாது. அந்த வாயு மூக்கு தொண்டையை எரிய வைக்கற வாயு, கர்ப்பிணி நெஞ்சு மேல தொங்கவிட்டு நாள் முழுக்க சுவாசிக்கற பொருளே இல்ல, பால் குடிக்கற குழந்தையோட மூக்கு எங்க வரும்னு யோசிச்சு பாருங்க. 2020-ல இந்த மாதிரி பேட்ஜ்களை அமெரிக்க சுற்றுச்சூழல் பாதுகாப்பு அமைப்பு விக்கவே கூடாதுன்னு நிறுத்தினாங்க. கவரை பிரிக்காமயே தூக்கி போட்டேன்.

மார்பு துடைக்கறதுக்குன்னு ஆல்கஹால் வைப்ஸ் வெச்சிருக்காங்க, ஒவ்வொரு தடவை பால் கொடுக்கறதுக்கு முன்னாடி துடைக்கணுமாம். தேவையே இல்ல. காம்பை சுத்தி குட்டி குட்டி புடைப்பா இருக்கற சுரப்பிங்க எண்ணெய் மாதிரி ஒண்ணை சுரந்து அந்த இடத்தை காய விடாம காப்பாத்துது, அதை ஆல்கஹால் போட்டு தொடைச்சா வெடிப்பு வரும், வெடிச்சா ரத்தம், வலி, அப்புறம் பால் கொடுக்கறதே கஷ்டம். குளிக்கும்போது தண்ணி பட்டா போதும். மார்பு மேல நேரா இருமிட்டா தும்மிட்டா மட்டும் சோப்பு தண்ணியில கழுவிக்கோங்க.

இப்ப ஆபத்துன்னு சொன்னேனே, அந்த ரெண்டு. ஒண்ணு, "நியூபார்ன் மாஸ்க்"னு கரடி பொம்மை படம் போட்ட குட்டி மாஸ்க். 2 வயசுக்கு கீழ இருக்கற எந்த குழந்தைக்கும் மாஸ்க் போடவே கூடாது. அதோட மூச்சு குழாய் ரொம்ப சின்னது, மூச்சு முட்டினா கையால எடுத்து போட தெரியாது, அம்மா முகத்தை பாத்து சொல்லவும் தெரியாது. யாராவது ஆசையா கொடுத்தாலும் போடாதீங்க, போட்டோ எடுக்கறதுக்குகூட போடாதீங்க. குழந்தைக்கு பாதுகாப்பு நம்ம மூஞ்சியில இருக்கற மாஸ்க்.

ரெண்டாவது அந்த மடிச்சு வெச்ச சீட்டு. "தாய்க்கு காய்ச்சல், சளி இருந்தால் குணமாகும் வரை தாய்ப்பாலை நிறுத்தவும்"னு தடிச்ச எழுத்துல அச்சடிச்சிருக்காங்க. இதை படிச்சப்போ எனக்கு வந்த கோவம் கொஞ்ச நஞ்சம் இல்ல, ஏன்னா இந்த ஒரு வரியால எத்தனை அம்மாக்கள் பாலை நிறுத்தி, மார்பு கட்டி, பால் வத்தி, அழுதிருப்பாங்க. சாதா சளி, ஃப்ளூ, கொரோனா எதுக்கும் பாலை நிறுத்த வேண்டியதில்ல. இதெல்லாம் பரவறது நம்ம மூச்சுல, எச்சில் துளியில, கையில. பால்ல போறது அந்த வைரஸை எதிர்த்து நம்ம உடம்பு அப்ப தயாரிக்கற ஆன்டிபாடி, அது குழந்தையோட தொண்டையிலயும் குடல்லயும் போய் படியுது. கொரோனா நேரத்துலயே உலக சுகாதார நிறுவனம் மாஸ்க் போட்டு கை கழுவிட்டு பால் கொடுங்கன்னுதான் சொன்னாங்க.

எனக்கு ஃப்ளூ வந்தப்போ 39 டிகிரி, உடம்பு முறிச்சு போட்ட மாதிரி வலி. போன்ல டாக்டர்ட்ட பேசினேன், ஒசெல்டாமிவிர்னு ஃப்ளூ வைரஸுக்கான மாத்திரை எழுதி கொடுத்தாங்க, 48 மணி நேரத்துக்குள்ள ஆரம்பிச்சா நல்லா கேக்கும், பால் கொடுத்துக்கிட்டே போடலாம்னு சொன்னாங்க. பாப்பா தனி தொட்டில்ல, கொஞ்சம் தள்ளி, ஜன்னல் திறந்து. பசிச்சு அழுதா முதல்ல நான் எந்திரிச்சு போய் கை கழுவி, மாஸ்க் போட்டு, கம்பியை அழுத்தி விட்டுட்டு உக்காருவேன், அப்புறம்தான் என் வீட்டுக்காரர் பாப்பாவை தூக்கி மடியில வெப்பார். குடிச்சு முடிச்சதும் ஏப்பம் விட வைக்கறது, டயப்பர், தூங்க வைக்கறது எல்லாம் அவர். எந்திரிக்கவே முடியாத நேரத்துல பம்ப் பண்ணி கொடுத்தேன், அதை அவர் கிண்ணத்துல எடுத்து ஸ்பூன்ல ஊட்டினார். பாப்பாவுக்கு காய்ச்சல் வரல, பாலும் குறையல.

எல்லா வைரஸுக்கும் இதே பதில் இல்ல, அதையும் சொல்லிடறேன். எச்ஐவி, ரத்த வெள்ளை அணுக்களை தாக்கற எச்டிஎல்வி மாதிரி சிலது பால் வழியாவே போகும், அந்த அம்மாக்கள் பாலே கொடுக்க வேண்டாமா, இல்ல மாத்திரை போட்டுக்கிட்டே கொடுக்கலாமாங்கறதை அவங்கவங்க டாக்டரோட உக்காந்துதான் முடிவு பண்ணணும். மார்புல ஹெர்பிஸ் கொப்புளம் இருந்தா ஆறற வரைக்கும் அந்த பக்கம் மட்டும் கொடுக்க வேண்டாம். ஹெபடைட்டிஸ் பி இருக்கற அம்மா தாராளமா பால் கொடுக்கலாம், ஆனா குழந்தை பொறந்த 24 மணி நேரத்துக்குள்ள தடுப்பூசி, கூடவே இம்யூனோகுளோபுலின்னு ரெடிமேட் ஆன்டிபாடி ஊசியும் போட்டிருக்கணும், இது முன்னாடியே பிரசவ ஆஸ்பத்திரில பேசி வெக்க வேண்டிய விஷயம். ஹெர்பிஸ்னு சொன்னதும் இன்னொண்ணு, உதட்டுல கொப்புளம் இருக்கறவங்க பச்சக்குழந்தைக்கு முத்தம் கொடுக்கவே கூடாது, பெரியவங்களுக்கு நாலு நாள் எரிச்சல், குழந்தைக்கு மூளை வரைக்கும் போகலாம். சொந்தக்காரங்க வருத்தப்படுவாங்கன்னு தயங்காதீங்க, அம்மாவால சொல்ல முடியலன்னா அப்பா சொல்லட்டும், எங்க வீட்டுல அவர்தான் வாசல்லயே சொல்லிடுவார்.

பெட்டியில இல்லாத, பெட்டியில வைக்கவே முடியாத ஒண்ணுதான் எல்லாத்தையும் விட பெரிய பாதுகாப்பு, அது தடுப்பூசி. அதை பத்தி அந்த சீட்டுல ஒரு வார்த்தை இல்லாததுக்கே நான் ஒரு ஸ்டார் குறைச்சேன். ஃப்ளூ ஊசி கர்ப்பத்தோட எந்த மாசத்துலயும் போடலாம், கையில போடற செயலிழந்த வைரஸ் ஊசிதான் போடணும், மூக்குல அடிக்கற உயிர் வைரஸ் ஸ்ப்ரே கர்ப்பிணிக்கு கிடையாது. 6 மாசத்துக்கு கீழ குழந்தைக்கு ஃப்ளூ ஊசி போடவே முடியாது, அதனால அம்மாவுக்கு போட்டு நஞ்சுக்கொடி வழியா போற ஆன்டிபாடிதான் அதுக்கு கவசம். சின்ன குழந்தைகளுக்கு மூச்சிரைப்பு கொடுத்து ஆஸ்பத்திரில படுக்க வைக்கற ஆர்எஸ்வி-க்கும் கர்ப்பிணிகளுக்கான ஊசி வந்தாச்சு, 2023 ஆகஸ்ட்ல அமெரிக்காவுல அனுமதிச்சாங்க, அங்க 32-ல இருந்து 36 வாரத்துக்குள்ள போடறாங்க, உங்க டாக்டர்கிட்ட கேளுங்க. எம்எம்ஆர் (தட்டம்மை, பொன்னுக்கு வீங்கி, ரூபெல்லா மூணுக்கும் சேத்து போடற ஊசி), சின்னம்மை ஊசி ரெண்டும் உயிர் வைரஸ், கர்ப்பத்துல போடக்கூடாது, குழந்தைக்கு பிளான் பண்றவங்க முன்னாடியே போட்டுட்டு ஒரு மாசம் பொறுங்க, விட்டுப்போச்சுன்னா பிரசவம் ஆனதும் பால் கொடுக்கும்போதே போட்டுக்கலாம். ரூபெல்லா முதல் மூணு மாசத்துல வந்தா குழந்தைக்கு கண்புரை, இதய கோளாறு, காது கேளாமைன்னு வரலாம், 1941-ல ஆஸ்திரேலியாவுல நார்மன் கிரெக்னு ஒரு கண் டாக்டர்தான் கண்புரையோட பொறந்த குழந்தைங்களோட அம்மாக்களுக்கு கர்ப்பத்துல இது வந்திருந்ததை கவனிச்சு சொன்னார். இன்னைக்கு அது முழுசா தடுக்கக்கூடிய ஒண்ணு.

கொசு விரட்டியும் பெட்டியில இல்ல. ஜிக்கா, டெங்கு ரெண்டுமே கர்ப்பத்துல பொல்லாதது, டீட்ங்கற கொசு விரட்டற மருந்து இருக்கற கிரீம் கர்ப்பிணியும் பால் கொடுக்கறவங்களும் லேபிள்ல சொன்னபடி போட்டுக்கலாம், 2 மாசத்துக்கு கீழ குழந்தை மேல மட்டும் தடவாதீங்க, அதுக்கு கொசுவலை. யூவி பெட்டி இருந்த இடத்துல ஒரு நல்ல கொசுவலையும் ஒரு டியூப் கிரீமும் வெச்சிருந்தா உபயோகமா போயிருக்கும். அதே மாதிரி தண்ணி, ஹெபடைட்டிஸ் இ கெட்ட தண்ணியில வர்றது, மத்தவங்களுக்கு மஞ்சக்காமாலையா வந்து போயிடும், கடைசி மூணு மாச கர்ப்பிணிக்கு உயிருக்கே ஆபத்து, காய்ச்சின தண்ணி மட்டும் குடிங்க.

விக்கறவங்களுக்கு பேபி மாஸ்க் பத்தியும் அந்த சீட்டு பத்தியும் போட்டோவோட எழுதி அனுப்பினேன். பாக்கறோம்னு பதில் வந்துச்சு, இன்னும் அதே படத்தோடதான் விக்குது. ஏற்கனவே வாங்கி வெச்சிருக்கறவங்க மாஸ்க், ஹேண்ட் ரப், தெர்மாமீட்டர் மூணையும் எடுத்து வெச்சுக்கோங்க, இந்த மூணையும் தனியா வாங்கினா விலை பாதிகூட ஆகாது. பேபி மாஸ்க்கை பெட்டியில இருந்து எடுத்து, அந்த தாய்ப்பால் வரியை மாத்தி அச்சடிச்சாங்கன்னா வந்து ஸ்டாரை ஏத்தி எடிட் பண்றேன்.